குறிப்பு இருபத்து மூன்று

எபென் கோபுரத்தின் ஒன்பதாம் மாடி.
ஜூன் முப்பது, இரவு பத்தரை.
நெடுஞ்சாலைக்கு அப்பால் கரும்பு பூத்திருக்கிறதாம்.
எனக்குத் தெரிவது கண்ணாடியில் என் முகம்,
அதன்மேல் எக்செல் கட்டங்கள்.

கோவில்பட்டிக் கல்லூரியில்
வழக்குகளுக்கென்று ஒரு பாடம் இருந்தது.
தமிழில் நினைத்துக்கொண்டால் சுலபம்:
வரும் என்றால் பணத்தை ஒதுக்கு.
வரலாம் என்றால் அடிக்குறிப்பில் சொல்.
வராது என்றால் வாயைத் திறக்காதே.
ஒரு வினைச்சொல்லின் வாலைப் பிடித்து
ஒன்பது கோடி ரூபாய் தொங்குகிறது.

எங்கள் மென்பொருள் பதினான்கு ஹோட்டல்களில்
வருகை பதிகிறது.
காலை ஆறு எட்டுக்கு விரல் வைப்பவரை
ஆறேகாலுக்குத்தான் உள்ளே விடும்.
மூன்று ஏழுக்கு விரல் வைப்பவரை
மூன்றுக்கே வெளியே அனுப்பியிருக்கும்.
இடையில் விழுந்த நிமிடங்களில்
துவைத்திருக்கிறார்கள், படுக்கை விரித்திருக்கிறார்கள்
அறுநூற்றுப் பதினொரு பேர், ஆறு வருடம்.
ஹோட்டல் எங்களைக் கைகாட்டியது.
நாங்கள் ஹோட்டல் கையெழுத்திட்ட படிவத்தைக் கைகாட்டினோம்.

மேத்ர் பெல்லேர் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார், பிரெஞ்சில்.
தோற்கும் வாய்ப்பு நாற்பத்தொன்பது விழுக்காடாம்.
ஐம்பதைத் தாண்டினால் ஒதுக்கியாக வேண்டும்
என்று அவருக்குத் தெரியாதா?
கடிதத்தோடு அவருடைய கட்டணச் சீட்டும்.
அதற்கு வரும் வரலாம் ஒன்றுமில்லை.
வந்தாயிற்று.

நிதி இயக்குநர் ஜெரார்
வரைவில் ஒரே ஒரு வரி சேர்த்தார்:
தொகையை நம்பத்தகுந்த வகையில் மதிப்பிட இயலவில்லை.
ஆகஸ்டில் வங்கிக் கடன் புதுப்பிக்க வேண்டும்,
நாற்பது பேருக்குச் சம்பளம் போட வேண்டும்.
என் வேலை அனுமதியைப் பற்றி அவர் பேசவில்லை.
நானே கூட்டிக்கொண்டேன்.

இன்று மாலை நான்கு மணிக்கு
தேவியானி மூத்தூ வந்தார்.
முத்து, ஏதோ ஓர் எழுத்தரின் பேனாவில் புரண்டு
மூத்தூ ஆன குடும்பம்.
வரவேற்பில் ஆளில்லை.
என் கழுத்து அட்டையில் பெயரைப் படித்துவிட்டு
கிரியோலைப் பாதியில் நிறுத்தி,
கோவில் வகுப்பில் மனனம் செய்த உச்சரிப்பில்
"உள்ளே வரலாமா?" என்றார்.

வரலாம் என்றேன்.
காலையிலிருந்து தட்டிக்கொண்டிருந்த சொல்,
வாயில் வேறு மாதிரி இருந்தது.

சண்டைக்கு வரவில்லை.
தன் பதிவுகளின் நகல் வேண்டும், அவ்வளவுதான்.
சட்டப்படி தர வேண்டியது.
அச்சுப்பொறி அறுபத்தெட்டுத் தாள் துப்பும்வரை
விரல் நுனிகளைக் காட்டினார்.
சலவைக்கூடத்து பிளீச்சில் ரேகை தேய்ந்திருந்தது.
சில நாள் மெஷினுக்கு என்னைத் தெரியாது,
துடைத்துத் துடைத்து வைப்பேன்,
அதற்குள் ஆறு ஒன்று ஆகிவிடும் என்று
சிரித்தார்.

எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்பார்கள்.
எழுத வேண்டியவள் நான்.

புதிய தாள் திறந்தேன்.
நாளுக்குச் சராசரி பதினான்கு நிமிடம்.
வருடத்துக்கு இருநூற்றெண்பத்தெட்டு நாள்.
ஆறு வருடம்.
நானூற்று மூன்று மணி, பன்னிரண்டு நிமிடம்.
மதிப்பிட இயலாதது
இரண்டு பெருக்கலில் வந்து நின்றது.

பழக்க தோஷம்,
அந்தப் பன்னிரண்டை வெட்டப் போனது என் விரல்.
போய்,
விசையின் மேல்
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

இன்னும் அறுநூற்றுப் பத்துப் பேர்.
ஜெராரின் வரியை அழித்தேன்.
காலையில் அவர் திரும்ப எழுதலாம்.
எழுதட்டும், கீழே என் பெருக்கலும் இருக்கும்.

பத்து ஐம்பத்தெட்டு.
விளக்கணைத்து, வாசலில்
எங்கள் நிறுவனத்துக் கருவியில் விரல் வைக்கிறேன்.
பத்தேமுக்காலுக்கே நான் போய்விட்டதாகச் சொல்கிறது.